மூக்கம்மாவின் ஏர் ஃப்ரையர்

மூக்கம்மா வீட்டுக்கு ஏர் ஃப்ரையர் வந்த கதையைப் போன வாரமே விலாவாரியாகச் சொல்லியாகிவிட்டது. எண்ணெய் உடம்புக்கு ஆகாது, கொழுப்பு, இதயம் என்று ஒரு பிரசங்கமே செய்து புருஷனை வாயடைக்க வைத்தாளே, அந்தப் பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூட உண்மையில்லை. இது இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று மூக்கம்மா. இன்னொன்று, அவளைச் சோதித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிய காது மூக்கு தொண்டை டாக்டர்.

புதிதாக வந்தவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். அவள் வேலை பார்ப்பது பால் ஆலையில். டேங்கர் லாரி வந்து நின்றதும் மேலே ஏறி, மூடியைத் திறந்து, குனிந்து ஒரு மூச்சு இழுப்பாள். தலையை ஆட்டினால் பால் உள்ளே போகும். கையை ஆட்டினால் லாரி வந்த வழியே திரும்பும். இயந்திரத்துக்கு முன்னால் அவள் மூக்கு சொல்லிவிடும் என்பதால் அங்கே எல்லோரும் மூக்கம்மா என்று கூப்பிடப் போய், அந்தப் பெயர் வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் இப்போது வங்கிக்காரர்களுக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

அந்த மூக்குதான் ஒரு காய்ச்சலோடு போய்விட்டது. காய்ச்சல் இறங்கியது, இருமல் நின்றது, வாசனை மட்டும் திரும்பி வரவில்லை.

"வரலாம். வராமலும் போகலாம்" என்றார் டாக்டர்.

உடம்பு இன்னும் தேறவில்லை என்று சொல்லி ஆலைக்கு லீவு போட்டிருந்தாள். லீவு முடிவதற்குள் வாசனை வந்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. வீட்டில் சொல்லலாம்தான். ஆனால் அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். அவரிடம் ஒரு விஷயத்தைச் சொன்னால் அது லிஃப்டில் ஏறி ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று போகும். பால் ஆலையின் ஆபீஸ் லிஃப்டையும் அவர்தான் பார்க்கிறார். மோப்பம் இல்லாத மூக்கம்மாவை அந்த ஆலை எதற்கு வைத்துக்கொள்ளும்?

அதைவிடப் பெரிய பயம் சமையலறையில் இருந்தது. எரிகிற அடுப்பு அவளைப் பயமுறுத்தவில்லை. எரியாமல் இருக்கும் அடுப்புதான் பயமுறுத்தியது. காஸ் கசிந்தால் எனக்குத் தெரியாதே, எனக்குத் தெரியவே தெரியாதே என்று படுக்கையில் புரண்டுவிட்டு எழுந்து போய் சிலிண்டரைத் தொட்டுப் பார்ப்பாள். மூடியிருக்கும். திரும்பி வந்து படுப்பாள். மறுபடியும் எழுந்து போவாள்.

அதற்குத்தான் ஏர் ஃப்ரையர். நேரத்தைத் திருகி வைத்தால் போதும், தானே சுடும், தானே மணியடிக்கும், தானே அணைந்துவிடும். அதற்கு மூக்கு வேண்டாம். கண்ணும் காதும் போதும். உருளைக்கிழங்கை இவ்வளவு நேரம் போட்டு நடுவில் ஒரு குலுக்கு குலுக்க வேண்டும், மீனுக்குக் கூடையில் லேசாக எண்ணெய் தடவ வேண்டும், கோழியில் தோல் பக்கம் முதலில் கீழே இருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் பாடமாகப் படித்துவிட்டாள். முட்டை, ரொட்டி, கேரட் என்று கையில் அகப்பட்டதெல்லாம் அந்தக் கூடைக்குள்தான் போயிற்று. நாக்கும் பாதி செத்துப்போனதால் உப்பு மட்டும் கையை மீறியது.

"எண்ணெய் லீவுல போயிடுச்சு, உப்பு ஓவர்டைம் பாக்குது" என்று மெக்கானிக் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்.

மேடையில் அந்தப் பெட்டியை வைக்க இடமில்லை. இனிமேல் பற்றவைக்கப் போவதில்லை என்று முடிவு செய்த காஸ் அடுப்பின் மேலேயே ஒரு பலகையைப் போட்டு, அதன் மேல் ஏற்றி உட்கார வைத்தாள். சிலிண்டரை மூடினாள். மூடியதை அன்றாடம் பத்துத் தரம் சரிபார்த்தாள்.

இன்று காலையிலும் எழுந்ததும் பார்த்தாள். மூடித்தான் இருந்தது. பிறகு குளிக்கப் போனாள்.

அவளுக்குத் தெரியாத ஒன்றை நாம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அடுப்பை மூடியதிலிருந்து மின்சாரக் கெட்டிலில்தான் டீ, அது மெக்கானிக்குத் தொண்டையில் இறங்காது. இத்தனை நாள் பொறுத்தவருக்கு இன்று பொறுக்கவில்லை. பெண்டாட்டி குளியலறைக் கதவைச் சாத்தியதும் பெட்டியையும் பலகையையும் கீழே இறக்கினார், குனிந்து சிலிண்டரைத் திறந்தார், கொதிக்கக் கொதிக்க ஒரு டீ போட்டு நின்றவாக்கிலேயே குடித்தார். பாத்திரத்தைக் கழுவித் துடைத்து, தடயமில்லாமல் கவிழ்த்தார். எல்லாவற்றையும் பழையபடி அடுப்பின் மேல் ஏற்றி வைத்தார். பழையபடி என்றால், நாலு விரல் முன்னால் தள்ளி. பர்னரை அணைக்க மறக்கவில்லை, சிலிண்டரை மறந்துவிட்டார். திருட்டு டீ குடிக்கிறவருக்கு அவசரம் இருக்கும் அல்லவா.

அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அந்த சிலிண்டர் ஏன் எப்போதும் மூடியே இருக்க வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

மூக்கம்மா தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது மெக்கானிக் கிளம்பிப் போயிருந்தார். வாசலில் நாத்தனார் நின்றாள், இடுப்பில் குழந்தையும் தோளில் பையுமாக.

நாத்தனார் நர்ஸ். பிரசவ லீவு முடிந்து இன்றுதான் ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிறாள். வீட்டில் சும்மாதானே இருக்கப் போகிறாய், குழந்தையை நீ பார்த்துக்கொள் என்று மூக்கம்மாவிடம் சொல்லிவிட்டு, மெக்கானிக் தானாகவே தங்கச்சிக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். மறுக்க ஒரு காரணம் வேண்டும். மூக்கம்மாவிடம் இருந்தது ஒரே ஒரு காரணம்தான். அதைத்தான் சொல்ல முடியாதே.

"இதுல பால் இருக்கு அண்ணி, காலையிலதான் கலந்தேன். இதுல டயப்பர், மாத்துத் துணி. மத்தியானம் உருளைக்கிழங்கு மசிச்சுக் குடுத்தா தின்னுடுவான், உப்பு வேண்டாம்."

"எனக்குத் தெரியாதா. நீ கெளம்பு."

"வேற யார்கிட்டயாவது விட்டிருந்தா எனக்கு வேலையே ஓடாது. உங்ககிட்டன்னதும் நிம்மதியா இருக்கு. உங்க மூக்குக்குத் தப்பி இந்த வீட்டுல என்ன நடந்துடும்?"

மூக்கம்மா சிரித்தாள். சிரிப்பு முகத்தில் சரியாக உட்கார்ந்ததா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

குழந்தைக்குச் செல்லப் பெயர் உருண்டை. கன்னமும் தொடையும் பார்த்தவர்கள் வேறு பெயர் வைத்திருக்க மாட்டார்கள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்தான். நாலடி தள்ளி விழுவான், யாராவது பார்த்தால் மட்டும் அழுவான். அவன் அம்மா படியிறங்கிய சத்தம் தேய்ந்ததும் மூக்கம்மா கதவைத் தாழ்போட்டாள். இந்த வீட்டில் இப்போது அவனுக்கு இருக்கும் ஒரே காவல் நான்தான், அந்தக் காவலுக்குப் பாதி புலன் செத்துக் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மூக்கு சொல்ல வேண்டியதையெல்லாம் கண்ணால் தேடினாள். அடிக்கொரு தரம் அவனைப் புரட்டி டயப்பரைத் தூக்கிப் பார்த்தாள். இது ஏதோ புது விளையாட்டு என்று அவன் கெக்கலித்தான். அவன் பின்னாலேயே ஓடியதில், காலையில் பார்த்த சிலிண்டரை மறுபடி பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

பால் பாட்டிலை எடுத்துத் திறந்தாள். மூக்கருகே கொண்டுபோய் ஆழமாக இழுத்தாள். வெறும் காற்றுதான் வந்தது. புறங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினாள். ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். லாரி லாரியாகப் பாலைத் திருப்பி அனுப்பியவள், ஒரு கையளவு பாட்டிலை வைத்துக்கொண்டு நல்லதா கெட்டதா என்று தெரியாமல் திகைத்து நின்றாள். கடைசியில் அதைத் தொட்டியில் கொட்டிவிட்டு, டின்னில் இருந்த பவுடரில் புதிதாகக் கலந்து கொடுத்தாள். பவுடர் மேடையெல்லாம் சிந்தியது.

மத்தியானத்துக்கு முன்னால் உருளைக்கிழங்கைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கிக் கூடையில் போட்டாள். பெட்டி உறுமியது. உருண்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரம் குறைவதைப் பார்த்தபடி நின்றாள். அந்த உறுமல் கேட்கிறவரை அவளுக்குக் கொஞ்சம் தைரியமாக இருக்கும். அவளுக்காக வேறு யாரோ முழித்துக்கொண்டிருக்கிற மாதிரி.

மணி அடித்தது. ஒற்றைக் கையால் கூடையை இழுத்தாள். வழக்கம்போல வழுக்கிக்கொண்டு வராமல் எதிலோ இடறியது. குழந்தை இடுப்பில் துள்ளினான். பலமாக ஒரு இழு இழுத்ததும் வந்துவிட்டது. கூடையின் அடிப்பாகம் அடுப்புத் திருகின் காதில் மாட்டி, அதைக் கால்வாசி திருப்பிவிட்டுத்தான் வந்தது. பெட்டி நாலு விரல் முன்னால் உட்கார்ந்திருந்ததை அவள் கவனிக்கவில்லை. உருளைக்கிழங்கு வெள்ளையாக, பதமாக, சொல்லி வைத்த மாதிரி வெந்திருந்தது. அதைத் தட்டில் கொட்டி மசித்தாள்.

தெருவில் குழாய் பதிக்கிறவர்கள் ரோட்டைக் குடைந்துகொண்டிருந்தார்கள். பலகைக்கு அடியில் 'ஸ்ஸ்' என்று ஒரு மெல்லிய சத்தம் கேட்டிருக்க வேண்டும். அந்தக் குடைச்சலில் எதுவும் கேட்கவில்லை.

உருண்டை கொஞ்சம் தின்றான், கொஞ்சத்தை அவள் புடவைக்கு ஊட்டினான், மிச்சம் தட்டிலேயே கிடந்தது. பிறகு கண்ணைக் கசக்க ஆரம்பித்தான். தூக்கம் வந்துவிட்டது, ஆனால் ரோட்டுச் சத்தம் விட்டால்தானே. மூக்கம்மா ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். ஹாலில் தரையில் பாயை விரித்து அவனைப் படுக்க வைத்து, பக்கத்தில் சாய்ந்து முதுகைத் தட்டினாள். சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் கதவு கிடையாது, ஒரு வளைவுதான். காஸ் காற்றைவிடக் கனம். அது மேலே போகாது, தரையோடு தரையாகப் பரவும். பாய் தரையில்தான் கிடந்தது.

குழந்தை தூங்கிப் போனான். இத்தனை ஆழமாக, இத்தனை அமைதியாக அவன் தூங்கி அவள் பார்த்ததில்லை. அவளுக்கும் தலை லேசாகச் சுற்றியது. காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை, அதனால்தான் என்று நினைத்தாள். முதல் நாளை ஒருவழியாக ஓட்டிவிட்டோம் என்று காய்ச்சலுக்குப் பிறகு முதல் தடவையாக அவளுக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது.

இவன் எழுந்திருப்பதற்குள் ராத்திரிக்கான கோழியைப் போட்டுவிடலாம் என்று எழுந்தாள். துண்டுகளைத் தோல் கீழே இருக்கும்படி கூடையில் அடுக்கினாள். கூடையைத் தள்ளி மூடினாள். நேரத்தைத் திருகக் கை வைத்தாள்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. மெல்ல, விரல் நுனியால் தட்டுகிற தட்டு. குழந்தை தூங்குவான் என்று மணியை அழுத்தாமல் தட்டுகிறவள் ஒருத்திதான்.

மூக்கம்மா பெட்டியை விட்டுவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள். "என்ன, அதுக்குள்ள வந்துட்ட?"

"மனசு கேக்கல அண்ணி. சாப்பாட்டு நேரத்துல ஒரு எட்டு பாத்துட்டுப்..."

நாத்தனார் பாதியில் நிறுத்தினாள். அவள் மூக்கு விடைத்தது. முகம் மாறியது. வாசனை போனதிலிருந்து மூக்கம்மா ராத்திரியெல்லாம் பயந்தது இந்த முகத்துக்குத்தான். எதிரில் நிற்கிறவளுக்கு ஏதோ தெரிகிறது, அது என்னவென்று தனக்குத் தெரியவில்லை.

"அண்ணி, என்ன வாடை இது?"

டயப்பரா? பாலா? இதுமாதிரி கேள்விக்கென்று ஒரு பதிலை அவள் எப்போதோ தயார் செய்து வைத்திருந்தாள். அது நாக்கு நுனிக்குத் தானாக வந்தது.

"உருளைக்கிழங்கு கொஞ்சம் தீஞ்சு போச்சும்மா. இரு, ஃபேனைப் போட்டுப் புகையை வெளிய தள்ளிடறேன்."

சொல்லிக்கொண்டே சமையலறைச் சுவரில் இருந்த சுவிட்சுக்குக் கையை நீட்டினாள்.

"தொடாதீங்க."

அது கத்தலில்லை. ஆஸ்பத்திரியில் உயிர் போகிற நேரத்தில் வருகிற குரல். பாய்ந்து வந்த நாத்தனார் அண்ணியின் மணிக்கட்டைத் தட்டிவிட்டாள்.

"காஸ் அண்ணி. வீடு முழுக்கக் காஸ். எந்த சுவிட்சையும் தொடாதீங்க, சிலிண்டரை மூடுங்க."

"அது மூடித்தான் இருக்கு. நான் காலையிலயே பாத்தேன்."

"மூடுங்கன்னு சொல்றேன்ல."

மூக்கம்மா குனிந்து கையை விட்டாள். திறந்திருந்தது. பத்துத் தரம் மூடி, பத்துத் தரம் தொட்டுப் பார்த்த அதே ரெகுலேட்டர் அவள் விரலுக்கடியில் திறந்து கிடந்தது. அதைத் திருப்பி மூடினாள். எழுந்து பார்த்தபோது பலகைக்கு முன்னால் அடுப்புத் திருகு கோணலாக நின்றது. அதையும் மூடினாள். அதற்குள் நாத்தனார் குழந்தையை வாரியெடுத்துக்கொண்டு, ஒரு கையால் ஜன்னல்களைத் தள்ளித் திறந்துகொண்டே வெளியே ஓடினாள். மூக்கம்மா பின்னால் ஓடினாள். கால் எங்கே படுகிறது என்று தெரியாமல் மாடிப்படியில் இறங்கினாள்.

கீழே வண்டிகள் நிறுத்தும் இடத்தில் நாத்தனார் தரையில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் கிடத்தி, கன்னத்தைத் தட்டினாள். "கண்ணத் தொற. டேய் உருண்டை, அம்மாவப் பாரு."

அவன் தலை துவண்டு சாய்ந்தது.

மூக்கம்மாவுக்கு உலகமே நின்றுபோயிற்று. சாமி, என் மூக்கு வேண்டாம், வேலை வேண்டாம், எதுவும் வேண்டாம், அவன் கண்ணைத் திறந்தால் போதும் என்று வாய் எதையோ முணுமுணுத்தது. நாத்தனார் உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டினாள். உருண்டை முகத்தைச் சுளித்தான். தூக்கத்தைக் கெடுத்தவளை ஒரு பார்வை பார்த்தான். பிறகு தெருவே கேட்கும்படி வீறிட்டு அழுதான். அந்த அழுகையைக் கேட்டதும் மூக்கம்மா சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

நாத்தனார் குழந்தையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள், உதட்டின் நிறத்தைப் பார்த்தாள், நகத்தை அழுத்திப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. மெக்கானிக்குப் போன் போட்டு இரண்டே வார்த்தையில் விஷயத்தைச் சொன்னாள். போனை வைத்த பிறகுதான் அண்ணியை நிமிர்ந்து பார்த்தாள்.

"தீஞ்ச வாடைன்னு சொன்னீங்க அண்ணி. உருளைக்கிழங்கு தட்டுலயே இருந்துச்சு, பாத்தேன். வெள்ளை வெளேர்னு இருந்துச்சு."

மூக்கம்மா புடவையில் காய்ந்திருந்த உருளைக்கிழங்கைச் சுரண்டினாள்.

"படியேறும்போதே எனக்கு லேசா வந்துச்சு. நீங்க உள்ளயே இருந்தீங்க. லாரிக்குள்ள இருக்கற பாலைக் கண்டுபிடிக்கிறவங்க நீங்க. உங்களுக்கு வரலையா?"

பதில் சொல்வதற்குள் வாசலில் பைக் சறுக்கி நின்றது. மெக்கானிக் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார். குழந்தையைத் தொட்டுப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

"நான்தான். காலையில ஒரு டீ போட்டுக் குடிச்சேன். சிலிண்டரைத் திறந்தவன் நான்தான், மூடாம போனவனும் நான்தான். ஒரு டீக்காக உங்க மூணு பேரையும் கொன்னிருப்பேன்."

"அழாதீங்க" என்றாள் மூக்கம்மா. குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"இவ மேல எந்தத் தப்பும் இல்லம்மா" என்று அவர் தங்கச்சியிடம் கைகூப்பாத குறையாகச் சொன்னார். "இவ அந்த அடுப்பையே தொடறதில்ல. எல்லாம் என் புத்தி கெட்டதுதான். இனி சிலிண்டர் பக்கமே போக மாட்டேன்."

தப்பிக்க ஒரு கதவு அகலத் திறந்துகொண்டதை மூக்கம்மா பார்த்தாள். அவரே ஒப்புக்கொண்டாயிற்று. அவள் வாயைத் திறக்க வேண்டியதில்லை. இன்னும் சில நாளில் லீவு முடிந்துவிடும், அதற்குள் வாசனை வந்தாலும் வந்துவிடும். சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பதுதான் அவளுக்கு இப்போது நன்றாகப் பழகிவிட்டதே.

நாத்தனார் அழுது ஓய்ந்த குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். முதுகைத் தட்டிக்கொண்டே ரொம்ப நேரம் மூக்கம்மாவையே பார்த்தாள். கோபம் இருந்தால்கூடத் தேவலை. அந்தப் பார்வையில் பயம்தான் இருந்தது.

"நாளைக்குக் காலையில இவனைக் கொண்டு வரட்டுமா அண்ணி?"

"இதென்ன கேள்வி" என்றார் மெக்கானிக் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "தாராளமா கொண்டு வா. சிலிண்டரையே இன்னிக்குக் கழட்டிக் குடுத்துடறேன்."

"நான் அண்ணியைக் கேட்டேன்."

ஒரு தலையாட்டல் போதும். எத்தனையோ லாரிகளுக்கு ஆட்டிய தலைதானே. உருண்டை அம்மாவின் தோளிலிருந்து மூக்கம்மாவைப் பார்த்தான். அவன் சட்டையில் உருளைக்கிழங்கு காய்ந்து ஒட்டியிருந்தது. சற்று முன்னால் துவண்டு சாய்ந்த அந்தத் தலை அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை.

"வேண்டாம்" என்றாள் மூக்கம்மா. "எங்கிட்ட விடாதே."

நாத்தனார் கண்ணை மூடித் திறந்தாள்.

"ஏன்?" என்று மெக்கானிக் ஒன்றும் புரியாமல் எழுந்து நின்றார். "அதான் தப்பு என்னோடதுன்னு சொல்றேனே. உனக்கு என்ன?"

மூக்கம்மா சுவரைப் பிடித்து எழுந்தாள்.

"உக்காருங்க" என்றாள் புருஷனிடம். "நின்னுக்கிட்டே கேக்கற விஷயம் இல்ல."